அர்சிலாக் குதிகால்

மீராலோமாவில் சமதரை என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கம். மற்றதெல்லாம் சரிவு. இங்கே நாய்கள் சுவரில் சாய்ந்து நின்றுதான் குரைக்கும். மேல்தெருக்காரி கைதவறி முட்டையைப் போட்டால், கீழ்த்தெருக்காரி வாணலியை நீட்டிப் பிடித்தால் போதும். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். வரும்போது நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் தெருத்தெருவாகச் சைக்கிளில் போய் அரெபா விற்கிறான் என்றால், அவன் பைத்தியமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அர்சிலா வீட்டுப் பிள்ளையாக இருக்கவேண்டும். எவெலியோ அர்சிலா இரண்டும்தான். விடியும்போதே அவன் மனைவி ஒடிலியா சோளமாவைத் தட்டிக் கரியடுப்பில் சுட்டு அடுக்கிவிடுவாள். அவன் கூடையைக் கட்டிக்கொண்டு, அடுப்புச் சூடு ஆறுவதற்குள் மலையுச்சி வீடுவரை போய்த் திரும்புவான். ஆள் ஒல்லி என்றால் சாதாரண ஒல்லி இல்லை. ஆகஸ்ட் காற்றில் ஒடிலியா அவனைத் துணிக்கொடியில் கவ்வி போட்டு வைப்பாள் என்று ஊரில் ஒரு பேச்சு. நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் வீட்டில் கவ்விகள் தேவைக்கு அதிகமாகவே இருந்தன.

அவனுடைய பெருமையெல்லாம் குதிகாலில் இருந்தது. குதிகாலுக்கு மேலே பின்பக்கம் ஓடுகிறதே தடித்த தசைநார், அதில் தோலுக்கடியில் யாரோ பட்டாணியையும் மொச்சையையும் ஒளித்து வைத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருக்கும். அவன் அண்ணனுக்கும் இருந்தது, அப்பாவுக்கும் இருந்தது, தாத்தா கெருபீனுக்கும், மரியாதையாகச் சொன்னால் தோன் கெருபீனுக்கும், இருந்தது. இது மலை ஏறுவதற்கென்றே கடவுள் அந்த வம்சத்துக்குக் கொடுத்த கூடுதல் தசை என்பது ஊரின் தீர்மானம். அர்சிலாக் குதிகால் என்று அதற்குப் பெயரே உண்டு.

எங்கள் மலைக்குப் பெயர் பெருமூச்சு மலை; அதில் ஏறுகிற சைக்கிள் பந்தயத்தில் முதன்முதலாக ஜெயித்தவர் தோன் கெருபீன். அவருக்குச் சதுக்கத்தில் வெண்கலச் சிலை வைத்தோம். சிற்பி மிக நாணயமான மனிதன். இல்லாததைச் சேர்க்கவும் மாட்டான், இருப்பதை விடவும் மாட்டான். முடிச்சுகளை ஒன்றுவிடாமல் வார்த்துவிட்டான். அன்றிலிருந்து அந்தக் குதிகாலைத் தடவாமல் இந்த ஊரில் ஒரு நல்ல காரியம் நடப்பதில்லை. கல்யாணப்பெண் தடவுவாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை தடவும். ஆயர் வருகிற நாளில் பாதிரியாரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு தடவு தடவிக்கொண்டு போனார். என் ஜன்னல் அதற்கு நேரெதிர், அதனால் சொல்கிறேன்.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. நன்றாக மலை ஏறுகிற அர்சிலாவின் நெஞ்சில், ஒரு வயசுக்குமேல், மலை கை வைக்குமாம். மூன்றாவது வளைவு தாண்டும்போது நெஞ்சை ஒரு பெரிய கை அழுத்திப் பிடிக்குமாம், நின்றால் விட்டுவிடுமாம். மலைக்கு அவன்மேல் ஆசை வந்துவிட்டது என்று அர்த்தம். ஆசை வைத்தவனைச் சும்மா விடுமா? தாத்தாவையும் அப்பாவையும் அண்ணனையும் மலை கூப்பிட்டுக்கொண்டது. அந்த வீட்டில் ஒரு ஆண்பிள்ளைகூட நாற்பத்தேழாவது பிறந்தநாளைக் கொண்டாடியதில்லை. நாங்களும் பாண்டு வாத்தியம் வைத்துப் பெருமையாகவே அடக்கம் செய்தோம்.

எவெலியோவுக்கு நாற்பத்து நான்கு முடிந்த வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குள் வந்தது, புதுமாப்பிள்ளை வந்தது மாதிரி இருந்ததாம்.

"ஒடிலியா! இன்னிக்கு மலை என் நெஞ்சுல கை வச்சிருச்சுடி!"

ஒடிலியா அவரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அகப்பை பானைக்குள்ளேயே விழுந்தது.

"எந்த எடத்துல?"

"மூணாவது வளைவு. அப்பா சொன்ன அதே எடம். அப்படியே ஒரு அமுக்கு!"

"உங்கப்பா அதைச் சொல்லி எத்தனை மாசம் இருந்தாரு?"

"அதெல்லாம் யாரு எண்ணுனா?"

"உங்கம்மா எண்ணுனாங்க. வருஷம் திரும்பல. நாளைக்கே டாக்டரம்மாகிட்ட வா."

"டாக்டர்கிட்ட போறது குண்டனுங்க வேலை. உன் தம்பியைக் கூட்டிட்டுப் போ. என் ஒடம்புல கொழுப்புன்னு பேருக்காவது இருக்கா, கிள்ளிப் பாரு!"

கிள்ளிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அழுதால் இவன் கேட்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். மீராலோமாவில் ஆண்பிள்ளையை நகர்த்த ஒரே வழி பந்தயம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பி நபோரிடம் போனாள்.

நபோர் சதுக்கத்து மூலையில் சிச்சரோன் கடை வைத்திருப்பவன். சிச்சரோன் என்றால் பன்றித்தோலை அதன் கொழுப்போடு கீறி, அதன் கொழுப்பிலேயே பொரிப்பது. வாசனை வந்தால் சவப்பெட்டிக்குள் இருப்பவரும் ஒரு தடவை திரும்பிப் படுப்பார். நபோர் அதைப் பொரிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சாப்பிட்டான். தேவாலயத்தில் அவன் பலகையின் இடக்கோடியில் உட்கார்ந்தால் வலக்கோடியில் இருக்கிற மூன்று விதவைகள் மேலே எழும்புவார்கள்.

"மச்சான்! எங்கக்கா சொல்றா, உன் ரத்தத்துல என் ரத்தத்தைவிட கொழுப்பு ஜாஸ்தியாம்!" என்று நபோர் சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி ஆரம்பித்தான்.

எவெலியோ சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "டேய் நபோர், உன் கையில ஊசி குத்துனா ரத்தம் வராது. உருக்குன நெய்தான் வரும். கூடவே ரெண்டு அரெபா வச்சுக்கிட்டா காலைச் சாப்பாடு முடிஞ்சுது."

"அப்ப பந்தயம் கட்டு! தோத்தவன் ஈஸ்டர் முடியிற வரைக்கும் சிச்சரோனைத் தொடக்கூடாது. ரத்தம் அடைச்ச பன்னிக்குடல், வெண்ணெய், எதுவும் கூடாது."

அப்போது நவம்பர் மாதம். டிசம்பரில் தெருவுக்குத் தெரு பன்றி அடித்துப் பொரிப்போம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பந்தயம் கட்டுவதென்றால் துணிச்சல் வேண்டும். எவெலியோ கையில் துப்பித் தேய்த்து நீட்டினான். ஊரே அவன் பக்கம் கட்டியது. நபோர் பக்கம் கட்டியவள் அவன் அக்கா மட்டும்தான்.

சுகாதார நிலையத்துக்கு அந்த வருஷம் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு புது டாக்டர் வந்திருந்தாள். பெயர் நெவிஸ். மலைக்காற்றுக்கு மூன்று சட்டை போட்டுக்கொண்டு நடுங்குகிற சின்னப்பெண். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்றதும் நபோர் அழாத குறை. மேட்டில் இருந்த நிலையத்துக்கு ஏறிப்போய் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தார்கள். மறுவாரம் அவள் வாசலில் நின்ற கூட்டத்துக்கு முன்னால் முடிவைச் சொன்னாள்.

"தோன் நபோர், கொலஸ்ட்ரால் நூத்தி எழுபத்தெட்டு. இருநூறுக்குக் கீழதான், நல்லாவே இருக்கு. தோன் எவெலியோ, உங்களுக்கு நானூத்திப் பன்னெண்டு."

"ரெண்டு பேர் குழாயும் மாறிப்போச்சு!" என்று கத்தினார் நாவிதர்.

எல்லோருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. இரண்டாவது தடவை ஊரே காவல் நின்று ரத்தம் எடுத்தார்கள். போலீஸ் சார்ஜென்ட் குழாய்களைத் தன் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை மடியில் வைத்து, மெடலின் பேருந்தில் தானே கொண்டுபோய்ச் சேர்த்தார். விடை அப்படியேதான் வந்தது.

நபோர் அன்று மாலை கடையில் வாத்தியம் வைத்தான். "ஊர்ல எல்லாரும் கேட்டுக்கங்க, நான் ஒல்லி! என் ரத்தம் ஒல்லி!" என்று ஆடினான். மறுநாள் டாக்டர் அவன் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்து, "ரத்தம் ஒல்லிதான். அழுத்தம்தான் கூரைமேல நிக்குது. உப்பைக் குறைங்க, எடையையும் குறைங்க" என்றதும் வாத்தியம் நின்றது.

டாக்டர் சொன்னால் எவெலியோ கேட்டிருக்கமாட்டான். பந்தயம் வேறு விஷயம். டிசம்பர் முழுக்க அவன் அவரைக்கொட்டையும் கீரையும் தின்றான். தெருவில் பன்றி பொரிகிற இரவுகளில் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி அடைத்து, அப்படியும் வாசனை வந்தால் தலையணையைக் கடித்தான். ஒருநாள் அரெபா கொடுக்கப்போன வீட்டில் ஒரு துண்டு சிச்சரோன் தட்டிலிருந்து எழுந்து அவன் பின்னாலேயே இரண்டு தெரு வந்ததாக அவனே சொன்னான். அதற்கு மட்டும் நான் சாட்சி இல்லை.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை மறுபடி பரிசோதனை. முந்நூற்று எழுபத்தாறு. இத்தனை மாதத் தவத்துக்கு அவ்வளவுதான் இறங்கியிருந்தது. எவெலியோ வெற்றி வீரனாகச் சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தான்.

"பாத்தீங்களா டாக்டரம்மா! தின்னாலும் அதேதான், தின்னாட்டியும் அதேதான். அப்ப சிச்சரோன் மேல தப்பில்ல."

"சரியாச் சொன்னீங்க" என்றாள் நெவிஸ்.

சண்டைக்குத் தயாராக வந்தவனுக்கு ஏமாற்றம்.

"சாப்பாட்டுல கொஞ்சம் இறங்கும். உங்களுக்கு அது பத்தாது. கொலஸ்ட்ராலை ஒடம்பே தயாரிக்குது தோன் எவெலியோ. அது வேணும், அது இல்லாம ஒடம்பு இல்ல. ஆனா மிச்சம் ஆனதை ஈரல் ரத்தத்துலேருந்து திரும்ப எடுத்துக்கணும். நீங்க தெருவுல அரெபா கொண்டு போறீங்க. பாதி வீடு கதவைத் திறக்கலைன்னா?"

"திரும்பக் கொண்டு வருவேன்."

"வீடே இல்ல, திரும்பப் போக. தெருவுலயேதான் போட்டாகணும்."

"தெரு நாறிப்போகும். வண்டி போக வழி இருக்காது."

"உங்க ஈரல்ல பாதிக் கதவு பொறக்கும்போதே ஆணி அடிச்ச கதவுன்னு நெனைக்கிறேன். ஒல்லியா இருந்தாலும் குண்டா இருந்தாலும் ஆணி ஆணிதான். உங்க ரத்தக் குழாய்ல அரெபா குவிஞ்சுகிட்டே இருக்கு." பேசிக்கொண்டே அவள் குனிந்தாள். "கொஞ்சம் சப்பாத்தைக் கழட்டுறீங்களா?"

அவனுக்கு வாயெல்லாம் பல். கடைசியில் இவளும் கேட்டுவிட்டாளே! காலைத் தூக்கி மேசைமேலேயே வைத்தான். அவள் கட்டைவிரலால் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது உங்கப்பாவுக்கும் இருந்துச்சா?"

"எங்க தாத்தாவுக்கே இருந்துச்சு. சந்தேகம்னா போய்ப் பாருங்க, சதுக்கத்துலதான் நிக்கிறாரு."

அவள் வெள்ளைக் கோட்டோடு விறுவிறுவென்று சதுக்கத்துக்கு இறங்கி வந்தாள். தோன் கெருபீன் சிலைக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு குதிகாலையும் கண்ணை மூடித் தடவினாள். பாவம், கல்யாண ஏக்கம் என்று மேரி மாதா சங்கத்துப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அவள் எழுந்து நின்று சொன்னாள்:

"இவருக்குப் பரம்பரைக் கொலஸ்ட்ரால்."

"யாருக்கு?" என்றார் நாவிதர்.

"இந்தச் சிலைக்கு. இந்த முடிச்சு தசை இல்ல. ரத்தத்துல மிதமிஞ்சிப் போன கொலஸ்ட்ரால் தசைநார்ல வந்து படிஞ்சது. இங்க படியிறது நெஞ்சுக் குழாய்லயும் படியும். மலை யாரையும் கூப்பிடல. ரத்தம் போற வழி அடைச்சுப் போச்சு."

சதுக்கம் கொதித்துவிட்டது.

"செத்துப்போய் நாப்பது வருஷமானவருக்கு இப்ப வந்து சீட்டு எழுதப் போறியா?"

"எங்க ஊர்க் குதிகாலைப் பாத்துக் கொழுப்புங்கிறா! கடலோரத்துக்காரிக்குத்தான் கொழுப்பு!"

இதில் ஒன்று சொல்லியாகவேண்டும். அதே வருஷம் நெவிஸுக்கும் போலீஸ் சார்ஜென்டுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. தன்மேல் போட்ட பழியைக்கூட மனதில் வைக்காமல் சிலை தன் வேலையைச் செய்தது.

எவெலியோ அவள் எழுதிக்கொடுத்த மாத்திரைச் சீட்டைக் கூடைக்கு அடியில் வைத்து மேலே அரெபாவை அடுக்கிவிட்டான். "எங்க வம்சத்துக் குதிகாலைக் கரைக்கப் பாக்குறா. அது போச்சுன்னா நான் எதை வச்சு மலை ஏறுவேன்?" என்றான். ஒடிலியா அவனோடு பேசுவதை நிறுத்தினாள். பிறகு பேசாமலிருக்க முடியாமல் திட்ட ஆரம்பித்தாள். இரண்டுமே அவனுக்கு உறைக்கவில்லை. அதற்குள் மலை இரண்டாவது வளைவுக்கே இறங்கிவந்து கைவைக்கத் தொடங்கியிருந்தது. அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்தது.

அவர்களுக்கு யாமிலே என்று ஒரே மகள். பதினைந்து வயசு. அப்பனைப் போலவே ஒல்லி. சைக்கிளில் ஏறினால் பையன்களுக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரியும். ஒருநாள் சாயங்காலம் அவள் ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

"அப்பா! எனக்கும் வந்திருச்சு! தொட்டுப் பாருங்க! அர்சிலாப் பொண்ணுங்கள்ல நான்தான் முதல் ஆளு!"

அவளுக்குப் பின்னால் பாதித் தெரு வந்திருந்தது. யாரோ பட்டாசுகூடக் கொளுத்தினார்கள். நபோரும் கைதட்டப் போனவன், அக்காவின் முகத்தைப் பார்த்துக் கையைத் தொங்கவிட்டான்.

எவெலியோ தரையில் உட்கார்ந்து மகளின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். கட்டைவிரலால் தடவினான். சின்ன முடிச்சு. அரிசிமணி அளவுதான். வந்த கூட்டம் முழுக்க அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். மலை தன் நெஞ்சில் கை வைத்தபோது வராத பயம் அரிசிமணியைத் தொட்டபோது வந்தது.

"சப்பாத்தைப் போடும்மா. டாக்டரம்மா வீட்டுக்குப் போறதுக்குள்ள போயிருவோம்."

"எதுக்குப்பா?"

"எதுக்கா? நீ கெழவியாகணும், அதுக்கு."

சுகாதார நிலையத்தில் அவன் கூடைக்கு அடியிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்து மேசைமேல் நீவிவிட்டான். மலை கைவைத்ததையும், அது இரண்டாம் வளைவுக்கு இறங்கிவந்ததையும், ஒடிலியா பக்கத்தில் நிற்கும்போதே சொன்னான். அவள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். பலமாகத்தான்.

"இவளையும் மலை கூப்பிடுமா டாக்டரம்மா?"

"இந்த வயசுலயே மருந்தை ஆரம்பிச்சு விடாமப் போட்டா, அது தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் இவ காதுல விழாது" என்றாள் நெவிஸ்.

மெடலின் பெரிய ஆஸ்பத்திரியில் அவனை ஒரு நகராத சைக்கிளில் ஏற்றி மிதிக்கச் சொன்னார்கள். இவ்வளவு மிதித்தும் ஓர் அங்குலம் போகவில்லையே என்று அவனுக்குத் தாங்கமுடியாத அவமானம். அங்கேயும் மலை வந்து நெஞ்சில் கை வைத்தது. நாலாவது மாடியில், ஒரு சரிவும் இல்லாத இடத்தில்! அதோடு மலைமேல் அவனுக்கு இருந்த மரியாதை போய்விட்டது. நெஞ்சுக்குப் போகிற ஒரு ரத்தக் குழாய் குறுகியிருந்தது. ஸ்டென்ட் என்கிற ஒரு சின்ன வலைக்குழலை உள்ளே செலுத்தி விரித்துவிட்டார்கள். இனி ராத்திரிக்கு ராத்திரி மாத்திரை, விடாமல்.

அப்பனும் மகளும் அதையும் பந்தயமாக்கிக்கொண்டார்கள். சாப்பாடு முடிந்ததும் ஒடிலியா ஆளுக்கொரு மாத்திரையும் வெல்லத்தண்ணீரும் வைத்து, "ஒண்ணு... ரெண்டு... ம்!" என்பாள். முதலில் விழுங்கியவர் மற்றவரைப் பாத்திரம் கழுவ வைக்கலாம். அந்த வருஷம் எவெலியோதான் அதிகம் கழுவினான். எண்கள் இறங்கின. இரண்டாவதாக ஒரு மாத்திரையும் சேர்ந்தபோது இன்னும் இறங்கின. நூற்றுத் தொண்ணூறு என்று வந்த அன்று நபோர் ஒரே ஒரு துண்டு சிச்சரோனைப் பட்டுத்துணியில் வைத்துக் கொண்டுவந்தான். எவெலியோ அதைச் சின்னச் சின்னதாக வெட்டி, முள்கரண்டியால், ஒரு மணிநேரம் சாப்பிட்டான்.

யாமிலே பெருமூச்சு மலைப் பந்தயத்தில் சைக்கிள் ஓட்டினாள், ஜெயித்தாள், மூன்றாவது வளைவில் அப்பன் நீட்டிய வெல்லத்தண்ணீரை அவன் முகத்திலேயே ஊற்றிவிட்டுப் போனாள். டாக்டர் சம்மதித்தபின் அவனும் அரெபாக் கூடையோடு மெதுவாக ஏற ஆரம்பித்தான். எந்த வளைவிலும் யாரும் அவன்மேல் கை வைக்கவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. எவெலியோவுக்கு நாற்பத்தேழு. இதற்கு என்ன செய்வது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. அர்சிலா ஆணை அடக்கம் செய்யத்தான் எங்களுக்குத் தெரியும். பாண்டுக்காரர்களுக்கு அந்த வீட்டு வாசலில் வேறு பாட்டு வாசித்துப் பழக்கமில்லை. வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கல்யாணப் பாட்டு ஒன்றை வாசித்துச் சமாளித்தார்கள்.

உள்ளே ஒடிலியா அவனுக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டுத் தலைவாரிக்கொண்டிருந்தாள். வாரிக்கொண்டிருந்தவள் திடீரென்று அலறினாள்.

பாண்டு நின்றது. சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயோடு பாதிரியார் ஓடிவந்தார். நெவிஸ் பையைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தையைச் சார்ஜென்ட் கையில் திணித்துவிட்டு, மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டேன்.

ஒடிலியா சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சீப்பு நிறைய முடி. எவெலியோவின் உச்சந்தலையில் ஒரு தட்டு அளவுக்கு வெறுமை, எண்ணெய் பூசியதுபோல மின்னிக்கொண்டிருந்தது.

"மாத்திரை பண்ணுன வேலையா டாக்டரம்மா?" என்றான் எவெலியோ.

நெவிஸ் தலையைத் தடவிப் பார்த்தாள். காதுக்குப் பின்னாலும் பார்த்தாள்.

"இது வழுக்கை, தோன் எவெலியோ."

"அர்சிலாவுக்கு வழுக்கை கெடையாதே!"

"உங்கள்ல இந்த வயசு வரைக்கும் இருந்து பாத்தது யாரு?"

நபோர்தான் முதலில் வெடித்தான். "அடேய் மச்சான்! அர்சிலா வம்சத்துக்கே வழுக்கை விழும்னு இன்னிக்குத்தாண்டா ஊருக்குத் தெரியுது!" என்று அவனைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கினான். யாமிலே சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து நின்றாள். வாசலில் நின்றவர்கள் வரிசையாக உள்ளே வந்து அந்த வழுக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒடிலியா சீப்பை எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் அவன் தலையைப் பிடித்து, அந்த மின்னுகிற இடத்தில் பச்சக்கென்று ஒரு முத்தம் கொடுத்தாள்.

"இன்னும் என்னென்ன வருமோ!" என்றான் எவெலியோ. கண்ணாடியை வாங்கி, பின்பக்கம் தெரியும்படி சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "முட்டிவலி வருமா டாக்டரம்மா? காது மந்தமாகுமா?"

"எல்லாம் வரும்."

"சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுவனா?"

"அதை இப்பவே செய்யறே" என்றாள் ஒடிலியா. "வா, பாண்டுக்காரங்க காத்திருக்காங்க."